அழிய மறுக்கும் கோப்பு: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

சிங்கப்பூரின் தேக்காவுக்கு அருகில், நான் தொண்டூழியராக உதவும் ஓர் அமைப்பின் சிறிய அறையில் லினக்ஸ் கணினி ஒன்று இருக்கிறது. அழைப்பிதழ்கள், ஒளிப்படங்கள், கணக்குகள், பெயர்ப் பட்டியல்கள் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை எல்லாம் அதில்தான் உள்ளன. அண்மையில் ஒரு சனிக்கிழமை, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் இளம் தொண்டூழியர் ஒருவர் திரையைக் காட்டி, “அண்ணே, ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கு, எதை அழிக்கிறது?” என்று கேட்டார். ஒரே கோப்புறைக்குள் ‘தொண்டூழியர்’ என்ற பெயர் இரண்டு வரிகளில், எழுத்துக்கு எழுத்து வேறுபாடின்றித் தெரிந்தது. அவற்றுள் ஒன்று பழைய பட்டியல், அடையாள அட்டை எண்களைக் கொண்டது, அழிக்கப்பட வேண்டியது. மற்றொன்று இந்த ஆண்டின் பட்டியல். பத்திரமாக இருக்க வேண்டியது.

கட்டளை வரியில் ஒரு கோப்பை அழிக்கப் பல வழிகள் உள்ளன. பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு அழிக்கலாம். நட்சத்திரக் குறியைக் கொண்டு அழிக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் கணினி தரும் உள் எண்ணான ஐநோட் எண்ணைக் கொண்டு அழிக்கலாம். வேண்டியவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுக் கோப்புறையையே அழிக்கலாம். கோப்பு மேலாண்மை நிரலைத் திறந்து கண்ணால் பார்த்தும் அழிக்கலாம். எல்லாம் பலன் தருபவையே என்றாலும், எந்தச் சிக்கலுக்கு எது பொருந்தும், தவறினால் எது எவ்வளவு சேதம் செய்யும் என்பதில் அவை பெரிதும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டளைகளை நாம் வாயால் சொல்லும் விதத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும் என்பது வாசகர்கள் அறிந்ததே.

முதலில் ‘அழித்தல்’ என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்திலும் அதன் பெயர் வேறோர் இடத்திலும் இருக்கின்றன. கோப்புறை என்பது பெயர்களையும் அவற்றுக்குரிய ஐநோட் எண்களையும் கொண்ட ஒரு பட்டியல். அந்த எண்ணின்கீழ்தான் கோப்பின் உரிமையாளர், அளவு, தேதி, உள்ளடக்கம் இருக்கும் இடம் ஆகியவை பதிவாகியுள்ளன. 1971-இல் வெளிவந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலிருந்தே இருந்துவரும் ஆர்எம் கட்டளை, கோப்புறைப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குகிறது. அந்த ஐநோட்டைச் சுட்டும் பெயர் வேறு எதுவும் இல்லாமலும், இயங்கிக்கொண்டிருக்கும் எந்தச் செயல்முறையும் அதைத் திறந்து வைத்திருக்காமலும் இருந்தால்தான் உள்ளடக்கத்துக்கான இடம் விடுவிக்கப்படும். இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதைக் கோப்பின் அனுமதிகள் தீர்மானிப்பதில்லை. அதைத் தாங்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி நமக்கு உண்டா என்பதே தீர்மானிக்கிறது. அடுத்து, பெயர் மறைந்துவிட்டது என்பதாலேயே உள்ளடக்கம் மறைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

பலரும் முதலில் கை வைப்பது, ஆர்எம் கட்டளையோடு சேர்த்துத் தட்டும் ‘-எஃப்’ தெரிவின் மேல்தான். அது ‘ஃபோர்ஸ்’ என்பதன் சுருக்கம் என்பதால், வலுக்கட்டாயமாக அழிக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதாக ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. உண்மையில் அது இரண்டே செயல்களைச் செய்கிறது: எழுத்துத் தடை உள்ள கோப்பை அழிக்கும்முன் எழும் கேள்வியை அடக்குகிறது, கொடுத்த பெயரில் கோப்பே இல்லை என்றாலும் பிழைச்செய்தி காட்டாமல், வெற்றி என்ற குறியீட்டுடனேயே முடிகிறது. இல்லாத அனுமதியை அது வாங்கித் தராது. பூட்டிய கோப்பைத் திறக்காது. பிடிவாதமான கோப்பை எதிர்கொள்ளும்போது நமக்கு மிகவும் தேவைப்படுவது பிழைச்செய்தி. எஃப் தெரிவு பறித்துக்கொள்வது அதைத்தான்.

இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைத் திரட்டவோ பயன்படுத்தவோ வெளியிடவோ கூடாது என்ற வழிகாட்டுதல் நடப்புக்கு வந்தது. அதையொட்டிப் பழைய பட்டியல்களை நீக்கும் பணியை நான் ஏற்றுக்கொண்டேன். ‘ஆர்எம் -எஃப்’ என்று தட்டி, ‘தொண்டூழியர்’ என்ற பெயரையும் கையால் தட்டி, எந்தச் செய்தியும் வராததால் அழிந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதினேன். அது அழியவே இல்லை. நான் தட்டிய பெயரில் அப்போது கோப்பு எதுவும் இருக்கவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் வட்டில் இருந்த பெயர் வேறு. எஃப் தெரிவு அந்த உண்மையை மறைத்துவிட்டது. இன்று இரண்டாகத் தெரிபவற்றுள் ஒன்று, அன்று நான் அழித்துவிட்டதாகக் கருதிய அதே கோப்பு. தனிநபர் தரவைக் கையாளும் எந்த இடத்திலும் எஃப் தெரிவை முதல் வழியாகக் கொள்ளக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இனி, பெயரே தடையாக இருக்கும் கோப்புகளைப் பார்ப்போம். யூனிக்ஸ் கோப்புப் பெயரில் சாய்கோடும் சுழிய பைட்டும் தவிர எந்த பைட்டும் இடம்பெறலாம். இடைவெளி, மேற்கோள் குறி, நட்சத்திரக் குறி, வரி முறிவு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. சிறுகோட்டில் தொடங்கும் பெயர் இவற்றுள் எளிதான சிக்கல். பெயரைத் தெரிவு என்று கட்டளை தவறாகப் புரிந்துகொள்கிறது. மேற்கோள் குறிக்குள் இட்டாலும் பயனில்லை, ஏனெனில் நாம் தட்டுவதைப் படித்து இயக்கும் ஷெல் மேற்கோள் குறியை நீக்கிவிட்ட பிறகுதான் சொல் கட்டளையின் கைக்குச் செல்கிறது. இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. பெயருக்கு முன் -- என்ற இரட்டைச் சிறுகோட்டை இட்டு, இதற்குமேல் தெரிவுகள் இல்லை என்று அறிவிக்கலாம்; அல்லது பெயருக்கு முன் ./ சேர்த்து, அது சிறுகோட்டில் தொடங்காதபடி செய்யலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். இரட்டைச் சிறுகோடு அதைப் புரிந்துகொள்ளும் கட்டளைகளுக்கு மட்டுமே பொருந்தும்; ./ என்பது பாதையின் ஒரு பகுதி என்பதால் எந்த நிரலுக்கும் பொருந்தும். நட்சத்திரக் குறியைத் தனியே தட்டாமல் ./* என்று தட்டும் பழக்கமும் இதனால் வாய்க்கும். தனி நட்சத்திரக் குறியை ஷெல் விரிக்கும்போது, கோப்புறையில் ‘-ஆர்எஃப்’ என்ற பெயரில் யாரோ தவறுதலாக உருவாக்கிய கோப்பு ஒன்று இருந்தால், அப்பெயரே தெரிவாக மாறி உட்கோப்புறைகள் அனைத்தையும் அழித்துவிடக்கூடும்.

இடைவெளி கொண்ட பெயர்களுக்கு டேப் விசையே போதும்; முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப்பை அழுத்தினால் ஷெல்லே தேவையான குறிகளைச் சேர்த்துப் பெயரை நிறைவுசெய்யும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் சற்றுக் கடினமானவை. விண்டோஸில் எழுதிய நிரல் ஒன்றை லினக்ஸில் இயக்கும்போது, ஒவ்வொரு வரியின் இறுதியிலும் உள்ள ‘கேரேஜ் ரிட்டர்ன்’ எழுத்து கோப்புப் பெயரோடு ஒட்டிக்கொண்டு, பார்வைக்குச் சரியான பெயரையும் தட்டினால் கிடைக்காத கோப்பையும் உருவாக்கிவிடும். இங்கே ‘ஐ’ தெரிவுடன் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துவதே நல்ல வழி. பெயரின் தெரிந்த பகுதியைத் தட்டி, மீதியை நட்சத்திரத்துக்கு விட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கப்படும் கேள்விக்கு விடை சொன்னால், வேண்டாதது மட்டும் நீங்கும். லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான குனு கோர்யுடில்ஸின், 2016-இல் வெளிவந்த 8.25 பதிப்பு முதல், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை இத்தகைய பெயர்களை முனையத்தில் மேற்கோள் குறியுடன் காட்டுகிறது. பெயரின் இறுதியில் உள்ள வெற்றிடம்கூட இப்போது கண்ணில் படுகிறது. அதை விரும்பாதவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை, கோப்பு அழிக்கும் பணியில் இருப்பவருக்கு அது பெரும் உதவி.

தமிழ்ப் பெயர்கள் இவற்றைவிட ஒரு படி ஆழமான சிக்கலைத் தருகின்றன. நட்சத்திரக் குறிக்கும் ஐநோட் எண்ணுக்கும் இடையிலான தேர்வு உண்மையில் இங்கேதான் முடிவாகிறது.

யூனிகோட்டில் ‘தொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். தகரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து இடலாம். இரண்டும் சமமானவை என்பது யூனிகோட் தரத்தின் நிலைப்பாடு. திரையில் எழுத்துருவும் இரண்டையும் ஒரே வடிவமாகவே வரைகிறது. ஆனால் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும், லினக்ஸின் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள், வழக்கமான அமைப்பில், பெயரை வெறும் பைட்டுகளின் வரிசையாகவே பார்க்கின்றன. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் என்பதால், ‘தொண்டூழியர்’ என்ற பெயர் முதல் முறையில் 33 பைட்டுகளும் இரண்டாம் முறையில் 36 பைட்டுகளும் ஆகிறது. கோப்பு முறைமையின் கண்ணில் அவை வெவ்வேறு பெயர்கள். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ்+ முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்துவைக்கும் இயல்புடையது. நம் பழைய பட்டியல் ஒரு மேக் கணினியில் பிறந்து, அங்கிருந்து லினக்ஸ் வட்டுக்கு நகலானது. புதிய பட்டியல் விண்டோஸில், சேர்ந்த வடிவில் பெயரிடப்பட்டது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய உயிர்மெய் எழுத்து உள்ள எந்தப் பெயருக்கும் இது நேரலாம். ‘பொங்கல்’, ‘கோவில்’, ‘நோன்பு’ என்று நம் கோப்புறைகளில் அத்தகைய பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

அந்த இளைஞருக்கு முதலில் வேறுபாட்டைக் காட்டினேன். மொழி அமைப்பைத் தீர்மானிக்கும் ‘எல்சி_ஆல்’ என்ற மாறிக்கு ‘சி’ என்ற மதிப்பைக் கொடுத்து, ‘எல்எஸ் -பி’ என்று இயக்கினால், தமிழ் எழுத்துகள் மறைந்து அவற்றின் பைட்டுகள் எட்டின் அடிமான (ஆக்டல்) எண்களாக வெளிப்படும். இரண்டு வரிகளும் 340 256 244 என்று தகரத்தில்தான் தொடங்கின. அடுத்து ஒரு வரியில் 340 257 212 இருந்தது. அது சேர்ந்த ஒகரக் குறி. மற்ற வரியில் 340 257 206, அதைத் தொடர்ந்து 340 256 276 இருந்தன. முன்னது கொம்பு, பின்னது கால். விரலை வைத்துப் படித்தபோது வேறுபாடு அவருக்கு உடனே விளங்கியது. தொலைநிலையில் இணைந்து பணியாற்றும்போது, மொழி அமைப்பு சரியாக இல்லாத கணினியில் பெயர்கள் இவ்வாறு எண்களாகத் தெரிவதைப் பலர் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு மூன்றிலும் 340-ஐ அடுத்து 256 அல்லது 257 வந்தால் அது தமிழ்ப் பெயர் என்று அறிந்துகொள்ளலாம்.

இந்த இரட்டைப் பெயர்களிடம் மற்ற வழிகள் என்ன ஆகின்றன என்று பார்ப்போம். பெயரைக் கையால் தட்டினால் விசைப்பலகை எந்த வடிவத்தைத் தருகிறதோ அந்தக் கோப்புதான் அழியும். அன்றைக்கு என் விசைப்பலகை தரும் சேர்ந்த வடிவம் புதிய பட்டியலுக்கு உரியது, ஆகவே தட்டியிருந்தால் வேண்டிய கோப்பை இழந்திருப்போம். ‘ஐ’ தெரிவுடன் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தினால், இரண்டு கோப்புகளுக்கும் ஒரே தோற்றமுள்ள கேள்வி இரண்டு முறை எழும். எதற்கு ஆம் என்பது, எதற்கு இல்லை என்பது என்று தெரியாது. மிட்நைட் கமாண்டர் போன்ற நிரல்களில் பெயருக்கு அருகில் அளவும் தேதியும் தெரிவதால் தேர்ந்தெடுப்பது எளிது. கட்டளைகளில் பழக்கமில்லாத தொண்டூழியருக்கு நான் அதையே சொல்லிக்கொடுப்பேன். ஆனால் எல்லாக் கணினிகளிலும் அது நிறுவப்பட்டிருப்பதில்லை. வேண்டியவற்றை வேறு கோப்புறைக்கு நகர்த்திவிட்டுப் பழைய கோப்புறையை முழுமையாக அழிப்பது மிகப் பழைய உத்தி. கோப்புறைக்குள் ஐந்தாறு கோப்புகள் மட்டும் இருந்தால் அது போதுமானது. நூற்றுக்கணக்கில் இருந்தால், எதையாவது நகர்த்த மறந்துவிடும் ஆபத்து, அழிக்க வேண்டிய ஒரு கோப்பைவிடப் பெரியதாகிவிடும்.

ஐநோட் எண் இந்தக் குழப்பங்கள் அனைத்தையும் கடந்து நிற்கிறது. ‘எல்எஸ் -எல்ஐ’ என்று கேட்டால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அந்த எண்ணும், அதைத் தொடர்ந்து அனுமதிகள், பெயர்களின் எண்ணிக்கை, உரிமையாளர், அளவு, தேதி ஆகியவையும் தெரியும். அளவையும் தேதியையும் பார்த்து முடிவெடுத்து, எண்ணை மட்டும், கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையிடம் கொடுத்தால் போதும். பெயரின் பைட்டுகளை நாம் தொடவே வேண்டியதில்லை. யூனிகோட்டுக்கு முந்தைய குறியாக்கங்களில் பெயரிடப்பட்ட கோப்புகளுக்கும் இதுவே சிறந்த வழி. இணையத் தமிழின் தொடக்க முயற்சிகளில் சிங்கப்பூருக்குத் தனி இடமுண்டு, தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாடு, 1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் நடைபெற்றது. அக்காலத்திலிருந்து கணினியில் தமிழ் எழுதிவரும் குடும்பங்களிடமும் அமைப்புகளிடமும், டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் பெயரிட்ட கோப்புகள் இன்னும் இருக்கின்றன. இன்றைய முனையத்தில் அவை வெறும் கேள்விக்குறிகளாகவே தெரிகின்றன. தட்ட முடியாத பெயருக்குத் தட்டக்கூடிய எண் கைகொடுக்கிறது.

ஐநோட் வழிக்கும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அந்த எண் ஒரு கோப்பு முறைமைக்குள் மட்டுமே தனித்துவமானது. வேறொரு வட்டு உள்ளே ஏற்றப்பட்டிருந்தால், அங்கே அதே எண்ணில் வேறு கோப்பு இருக்கலாம். அத்துடன், ஒரே ஐநோட்டுக்குப் பல பெயர்கள் இருந்தால் ஃபைண்ட் அவை அனைத்தையும் கண்டெடுக்கும். தேடலை ‘-மேக்ஸ்டெப்த் 1’ என்று ஒரே கோப்புறைக்குள் நிறுத்துவதும், எல்எஸ் காட்டும் பெயர்களின் எண்ணிக்கை 1 என்று உறுதிசெய்வதும் இவற்றுக்கு மருந்து.

ஃபைண்ட் கண்டெடுத்ததை எவ்வாறு அழிப்பது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ‘-டிலீட்’ விரைவானது, சுருக்கமானது. ஆனால் ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாக மதிப்பிடுவதால், அச்சொல்லைத் தவறுதலாக முதலில் இட்டுவிட்டால், எண்ணைச் சோதிக்கும் முன்பே கோப்புறையில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். கண்டெடுத்த கோப்பின் மேல் ஆர்எம் போன்ற வேறொரு கட்டளையை இயக்கும் ‘-எக்ஸெக்’ சற்று நீளமானது. ‘-ஓகே’ அதைப் போன்றதே என்றாலும், ஒவ்வொரு கோப்புக்கும் நம் ஒப்புதலைக் கேட்கிறது. ஒரே ஒரு கோப்பை அழிக்கும்போது ‘-ஓகே’ தவிர வேறு எதையும் பயன்படுத்துவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

பல்லாயிரம் கோப்புகள் என்றால் நிலைமை வேறு. வருடி எடுத்த பக்கங்களின் சிறுபடங்கள் நிறைந்த கோப்புறையில் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தியபோது, ‘ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்ற செய்தி வந்தது. கோப்புகளிடம் எந்தக் குறையும் இல்லை. ஷெல் விரித்த பெயர்ப் பட்டியல், ஒரு கட்டளைக்கு இயங்குதளத்தின் மையமான கர்னல் அனுமதிக்கும் அளவை மீறிவிட்டது. லினக்ஸில் அந்த வரம்பு வழக்கமாக 2 மெகாபைட்; குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் பிடிக்கும் தமிழ்ப் பெயர்கள் அதை ஆங்கிலப் பெயர்களைவிட விரைவில் எட்டிவிடும். கோப்புறை முழுவதும் வேண்டாம் என்றால் ‘ஆர்எம் -ஆர்’ கொண்டு கோப்புறையையே அழிப்பதுதான் எளிது. சிலவற்றை மட்டும் என்றால், முதலில் ‘-பிரின்ட்’ கொண்டு பட்டியலைப் பார்த்துவிட்டு, பிறகு அச்சொல்லின் இடத்தில் ‘-டிலீட்’ இடுவது பொருத்தமானது. பெயர்களை வாங்கி வேறொரு கட்டளையிடம் தரும் எக்ஸ்ஆர்க்ஸுக்குக் குழாய் வழியாகப் பெயர்களை அனுப்புவோர், இரு பக்கமும் சுழிய பைட்டைப் பிரிப்பானாகக் கொள்ளும் தெரிவைத் தவறாமல் சேர்க்க வேண்டும். இல்லையேல் ‘பழைய பட்டியல்’ என்ற கோப்பு ‘பழைய’, ‘பட்டியல்’ என்று இரண்டாகப் பிரிந்து, ‘பட்டியல்’ என்ற பெயரில் வேறு கோப்பு இருந்தால் அதுவே பலியாகும்.

பெயரில் குறை இல்லாமலும் கோப்பு அழிய மறுக்கலாம். அப்போது தேர்வை நடத்த வேண்டியது பிழைச்செய்தி. ‘பர்மிஷன் டினைட்’ என்றால் கோப்புறையின் அனுமதியைப் பாருங்கள். கோப்பின் அனுமதியை மாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. ‘ஆப்பரேஷன் நாட் பர்மிட்டட்’ என்பது பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும் வேறு கதை. பொதுக் கோப்புறைகளில் ஒட்டு பிட் இடப்பட்டிருந்தால், பிறருடைய கோப்பை நாம் அழிக்க முடியாது. அது காப்பு, குறையன்று. எல்லா உரிமையும் கொண்ட ரூட் பயனருக்கும் அதே செய்தி வந்தால், கோப்பில் ‘மாறாத’ பண்பு இடப்பட்டிருக்கக்கூடும். லினக்ஸில் எல்எஸ்ஆட்டர் அதைக் காட்டும். சிஎச்ஆட்டர் அதை நீக்கும். மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அந்த வேலையைச் சிஎச்ஃப்ளாக்ஸ் செய்கிறது. நீக்குவதற்கு முன், அந்தப் பண்பை இட்டவர் யார், ஏன் இட்டார் என்று கேட்டறிவது அவசியம். அது தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. மேக்கின் கணினிக் கோப்புகளை, 2015-இல் எல் கேப்பிடன் பதிப்புடன் வந்த கணினி முழுமைப் பாதுகாப்பு தனியே காக்கிறது. அவற்றை அழிக்க வழி தேடவே வேண்டாம்.

‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்ற செய்தி வந்தால் அழிக்கும் பணியை உடனே நிறுத்த வேண்டும். பிழை கண்டால் வட்டை வாசிப்பு மட்டும் என்ற நிலைக்கு மாற்றும்படி பல கணினிகளில் அமைக்கப்பட்டுள்ளது. கர்னலின் பதிவுகளைப் பார்க்காமல் எழுதும் நிலைக்கு மீண்டும் ஏற்றினால், பழுதாகும் வட்டில் மேலும் எழுதுவோம். ஒரு கோப்பை அழிக்கப்போய் மற்றவற்றையும் இழக்க நேரலாம். முதலில் நகலெடுங்கள். ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்றால், நீங்கள் அழிக்க முனைவது வேறொரு வட்டு ஏற்றப்பட்ட இடமாக இருக்கலாம், இறக்கிவிட்டு அழியுங்கள். பிணையத்தில் பகிரப்பட்ட வட்டில் ‘.என்எஃப்எஸ்’ என்று தொடங்கும் பெயர் அழித்த கணமே மீண்டும் முளைத்தால், யாரோ திறந்து வைத்திருக்கும் கோப்பு அது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் அந்தச் செயல்முறையைக் கண்டு மூடினால் தானே மறைந்துவிடும்.

இவற்றுள் எதற்கும், ரூட் உரிமையுடன் கட்டளையை இயக்கும் ‘சூடோ’ முதல் விடையன்று என்பது என் கருத்து. ரூட் உரிமை அனுமதிச் சிக்கலை மட்டுமே தீர்க்கிறது. மற்ற எல்லாச் சிக்கல்களிலும், தவறான பெயர் தவறான கோப்பை எட்டுவதற்கு இருந்த கடைசித் தடையையும் அது எடுத்துவிடுகிறது. எல்லாக் கோப்புறைகளையும் தாங்கும் ரூட் கோப்புறையையே (/) அழிக்கும் கட்டளையைக் குனு ஆர்எம் 2006 முதல் இயல்பாக மறுத்துவருகிறது என்றாலும், சாய்கோட்டுக்குப் பின் நட்சத்திரக் குறி இட்டால் அந்தக் காப்பு செயல்படாது.

தனிநபர் தரவு உள்ள கோப்பு என்றால், பெயர் மறைந்த பிறகும் ஒரு வேலை மீதமிருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், திரட்டிய நோக்கம் முடிந்து, சட்டத் தேவையோ அலுவல் தேவையோ இல்லாத தரவை வைத்திருப்பதை நிறுத்தும்படி அமைப்புகளைக் கோருகிறது. ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயர் நீங்கிய பின்னும் உள்ளடக்கம் அப்படியே வட்டில் இருக்கும். கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியு காட்டும் அளவும், வட்டில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் டிஎஃப் காட்டும் அளவும் ஒத்துப்போகாமல் இருப்பது இதன் அறிகுறி. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அத்தகைய பெயரற்ற கோப்புகளை அவற்றைப் பிடித்திருக்கும் செயல்முறையுடன் காட்டும். உள்ளடக்கத்தின் மேல் எழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளையைச் சிலர் நம்புகிறார்கள். திட நிலை வட்டில் புதிய தரவு பழைய இடத்திலேயே எழுதப்படும் என்ற உறுதி இல்லாததால், அங்கே அந்த நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. தொடக்கத்திலேயே வட்டை முழுமையாக மறைகுறியாக்கம் செய்துவைப்பதே அதற்குரிய மாற்று.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஐநோட் வழியையே தேர்ந்தெடுத்தோம். ‘எல்எஸ் -எல்ஐ’ காட்டிய இரண்டு வரிகளில் 2017-ஆம் ஆண்டின் தேதியைத் தாங்கிய வரியின் எண்ணை இளைஞர் தாளில் எழுதிக்கொண்டார். பெயர்களின் எண்ணிக்கை 1 என்பதைச் சரிபார்த்தார். ஃபைண்ட் கட்டளையில் கோப்புறை, ஆழம், எண், ‘-ஓகே’ என்ற வரிசையில் தட்டினார். கேள்வி எழுந்தது, தாளில் உள்ள எண்ணையும் கட்டளையில் உள்ள எண்ணையும் மீண்டும் ஒப்பிட்டுவிட்டு ஒப்புதல் கொடுத்தார். மறுபடியும் பட்டியலிட்டபோது ‘தொண்டூழியர்’ ஒரே வரியில், இந்த ஆண்டின் தேதியுடன் இருந்தது. எல்எஸ்ஓஎஃப் எதையும் காட்டவில்லை. பதிவேட்டில் 2019-ஆம் ஆண்டின் என் குறிப்பை அடித்து, அன்றைய தேதியையும் ஐநோட் எண்ணையும் அதன் அருகில் எழுதினேன். பிறகு, அதே பழைய கோப்பின் நகல் இருக்கக்கூடிய காப்பு வட்டை அலமாரியிலிருந்து எடுத்து இணைத்தோம்.